காங்சானின் சுண்டுவிரல்

என் இடது கை சுண்டுவிரல் மடங்காது. பத்தொன்பது வயசுல மேடையில வித்தை காட்டுற டெக்வாண்டோ செய்முறைக் குழுவுல இருந்தப்போ, மூணு பசங்க உடைக்க முடியாம விட்ட பளிங்குப் பலகையை நான் உடைச்சேன். பலகையும் உடைஞ்சுது, விரலும் உடைஞ்சுது. "சிரிச்சுக்கிட்டே மேடையை விட்டு இறங்கு"ன்னாரு கோச். சிரிச்சுக்கிட்டே இறங்கினேன். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எலும்பு தன்னிஷ்டத்துக்குக் கூடிருச்சு. அன்னிலேர்ந்து நான் எதைப் பிடிச்சாலும் அந்த ஒரு விரல் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். காபிக் கப்பு, பஸ் கம்பி, கத்தி, எதுவா இருந்தாலும் சரி.

போன வருஷம் வரைக்கும் கொரியாவுல எத்தனையோ ஆயிரம் ஆம்பளைங்க போட்டோவுக்கு நிக்கும்போது அந்த விரலை அப்படியே நீட்டுவாங்க. அது என் விரல்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியவச்ச கதைதான் இது. நியாயம் கேக்கப் போனவ, நல்ல பொண்ணு, அப்படியெல்லாம் நினைச்சுக்காதீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. எரியவச்சவங்க வயிறும் எரியணும்னு நினைச்சேன்.

என் பேரு மா தால்லே. வயசு முப்பத்தாறு. வீடியோ கேம்ல வர்ற ஆளுங்களுக்கு உடம்பு குடுக்கிறது என் தொழில். சின்னச் சின்ன உருண்டைங்க ஒட்டின கறுப்பு உடுப்பைப் போட்டுக்கிட்டு, சுத்தி நாப்பது கேமரா பார்க்க, நடக்கணும், ஓடணும், வெட்டணும், விழணும். கம்ப்யூட்டர் நம்ம அசைவை மட்டும் எடுத்துக்கும், முகத்தை விட்டுரும். அப்புறம் அந்த அசைவு மேல எவனோ ஒரு வீரனோட தோலைப் போர்த்திருவாங்க.

இந்தத் தொழிலுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தவரு கூ பொம்சோக். செய்முறைக் குழுவுல எனக்கு நாலு வருஷம் சீனியர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். சொந்தமா சின்ன ஸ்டுடியோ வச்சிருந்தாரு. பாங்யோவுல இருக்கிற ஒரு கம்பெனி 'ஆறாவது கோட்டை'ன்னு ஒரு கேம் பண்ண ஆரம்பிச்சப்போ, ஹீரோ காங்சானோட உடம்பா தானே ஆடுறேன்னு ஒப்பந்தம் போட்டாரு. எனக்குக் கிடைச்சது யோன்ஹ்வான்னு ஒரு வில்லாளிப் பொண்ணு, சின்ன வேஷம். ரெண்டாவது வாரமே அண்ணனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிஞ்சுது.

"தால்லே, ஒரே ஒரு வாரம். என் உடுப்பை நீ போட்டுக்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா ஒப்பந்தத்தையே கிழிச்சுருவாங்க, என் பொழப்பே போயிரும்."

"கேம்ல யாரு பேரு போடுவீங்க?"

"அட, கேம் வெளிய வரும்போது என் பேருக்கு மேல உன் பேரு வரும். அண்ணன் சொல்றேன்ல?"

ஒரு வாரம் ரெண்டு வருஷமாச்சு. ஸ்டுடியோ அவரோடது, கம்பெனிக்குப் போறது ஃபைல் மட்டும்தான். அங்க யாருக்கும் எதுவும் தெரியல. ஸ்டுடியோவுல பதிவான ஃபைல்ல பிசிறு எடுத்துக்கிட்டிருந்த நாரேங்கிற பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு கையையும் பக்கவாட்டுல நேரா விரிச்சு அசையாம நிக்கணும், கம்ப்யூட்டர் அளவு எடுத்துக்கும். நின்ன வாக்குலயே டேக் நம்பரையும் ஆடுறவங்க பேரையும் சத்தமா சொல்லணும். அது பதிவாகும். ஃபைல்ல இருக்கிற பேரும் வாயால சொல்ற பேரும் ஒண்ணா இருக்கணும்னு, 'கூ பொம்சோக்'னு சொல்லுன்னாரு அண்ணன். "பொம்பளைக் குரல்ல கேக்குமே?"ன்னு கேட்டேன். "அதையெல்லாம் எவன் உக்காந்து கேக்கப் போறான்?"னு சிரிச்சாரு. நானும் கையை விரிச்சு நின்னு சொன்னேன். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு தடவை அந்த ஆள் பேரைச் சொல்லிருக்கேன். கட்டினவன் பேரைக்கூட எவளும் இவ்வளவு தடவை சொல்லிருக்க மாட்டா.

கேம் வெளிய வந்துச்சு. நாடே காங்சான் பின்னாடி ஓடுச்சு. முக்கியமா அந்த நடை. ஒரு தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, அவசரமே இல்லாம, எதிர்ல யாரு வந்தாலும் ஒதுங்கிப்பான்ங்கிற மாதிரி ஒரு நடை. 'இதுதான்டா ஆம்பளை நடை'ன்னு பக்கம் பக்கமா எழுதினானுங்க. போஹாங் மீன் சந்தையில முப்பது வருஷமா ஐஸ் பெட்டி தூக்கின எங்க சித்தியோட நடை அது. அந்த விரலையும் விடல. கத்தி உறையைப் பிடிக்கும்போது காங்சானோட இடது சுண்டுவிரல் நீட்டிக்கிட்டு நிக்கும்ல, அதுக்கு கம்பெனியே ஒரு கதை கட்டுச்சு. சின்ன வயசுல எதிரிங்க கையில மாட்டினப்போ, அப்பாவைக் காட்டிக்குடுக்க மாட்டேன்னதால விரலை உடைச்சுட்டாங்களாம். அந்தக் காட்சியைப் பார்த்து ஊரே அழுதுச்சு.

கேம் முடிஞ்சதும் பேருங்க ஓடுச்சு. காங்சான்: கூ பொம்சோக். யோன்ஹ்வா: மா தால்லே. நான் ரெண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அண்ணனுக்குப் போன் பண்ணா, "ரெண்டாம் பாகத்துல பார்த்துக்கலாம், இப்ப கிளறாதே"ன்னாரு. அதுக்கு அடுத்த வாரம் டிவில உக்காந்து, காங்சானோட நடையைத் தன் தாத்தாகிட்டேர்ந்து பிடிச்சதாச் சொன்னாரு. நான் வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்ன இணைய வானொலில என்னைக் கூப்பிட்டுப் பேசினாங்க. யோன்ஹ்வா பத்திக் கேட்டாங்க. நான் இருக்கிறதைச் சொன்னேன். "அம்பு பட்டு விழும்போது முதுகை வளைச்சு, இடுப்பைத் தூக்கி விழச் சொன்னாங்க. அடிபட்டவ அப்படியா விழுவா? பொத்துன்னு விழுவா. அடுத்த தடவை அந்தப் பொண்ணுக்கு ஒரு பேன்ட்டாவது குடுங்கப்பா, பனி மலையில நிக்கிறா." இவ்வளவுதான். மொத்தம் நாப்பது செகண்டு.

நாலு நாள்ல பத்திக்கிச்சு. கேம் ஆடுற பசங்க என்னோட பழைய போட்டோ ஒண்ணைத் தோண்டி எடுத்தாங்க. கழிப்பறையில ஒளிச்சு வைக்கிற கேமராவுக்கு எதிரா பொண்ணுங்க ஊர்வலம் போனப்போ நானும் பலகை பிடிச்சு நின்னது. அவ்வளவுதான், 'ஆம்பளைங்களை வெறுக்கிறவ'ன்னு முத்திரை விழுந்துருச்சு. கம்பெனி வாசல்ல லாரி வந்து நின்னுச்சு. அவனுங்க காசு சேர்த்துப் பிடிச்ச வாடகை லாரி, பக்கவாட்டுல பெரிய திரை, நாள் பூரா அங்கயே சுத்திச் சுத்தி வரும். 'மா தால்லேயைத் தூக்கு'ன்னு அதுல எழுத்து ஓடும். நான் சாயங்காலம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற டெக்வாண்டோ பள்ளிக்கு ஒரே நாள்ல தொண்ணூறு போன். பள்ளி உரிமையாளர் பயந்துட்டாரு. "கொஞ்ச நாளைக்கு வகுப்பு வேணாம்மா, வேனை மட்டும் ஓட்டு"ன்னாரு.

கம்பெனியில கூப்பிட்டாங்க. முதலாளி நாம்குங்குக்கு ஐம்பது வயசு, கான்வாஸ் ஷூ, டீ-ஷர்ட்டு. அங்க யாரும் சார்னு சொல்லக்கூடாது, அவரை 'மேக்ஸ்'னு கூப்பிடணும். ஆனா மேக்ஸ் உள்ள வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். பக்கத்துல அண்ணன் உக்காந்திருந்தாரு. மேஜை மேல ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புப் பேனா.

"கையால எழுதிக் குடுங்க தால்லே. டைப் பண்ணா ஆட்டக்காரங்க நம்ப மாட்டாங்க. மாதிரி இங்க இருக்கு, பார்த்து எழுதினாப் போதும், போட்டோ எடுத்துப் போட்டுருவோம்."

மாதிரியைப் படிச்சேன். 'நான் பெண்ணியவாதி இல்லை. ஆண் ஆட்டக்காரர்களின் மனதைப் புண்படுத்தியதற்குத் தலைகுனிகிறேன்.'

"எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? பேன்ட் கேட்டதுக்கா?"

"இது சரி தப்பு விஷயம் இல்லைங்க. தீ பிடிச்சிருச்சு, அணைக்கணும். அவ்ளோதான்."

"அணைக்கிறதுக்கு நான்தான் தண்ணியா?"

மேக்ஸுக்கு முகம் சுருங்கிப்போச்சு. அண்ணன் பக்கம் திரும்பினாரு. "இவங்க எழுத மாட்டாங்க போலிருக்கு. அப்போ இவங்க பண்ணதை எடுத்துருவோம். நம்ம கேம்ல இவங்களோடது என்னென்ன இருக்கு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். "சொல்லுங்கண்ணே."

அவரு ஐஸ் காபி ஸ்ட்ராவைச் சுத்திக்கிட்டே சொன்னாரு: "வில்லாளி மட்டும்தான். இருநூத்திப் பன்னெண்டு அசைவு. வேற ஒண்ணும் இல்ல."

"எழுத்துல குடுக்க முடியுமா?"

"தாராளமா."

எனக்கு வச்சிருந்த அதே பேனாவை எடுத்து, அதே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. பதினேழு வருஷம் அண்ணேன்னு கூப்பிட்ட வாய் எனக்குக் கசந்துபோச்சு. அப்பவே கத்தியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். கத்தினா யாரு நம்புவா? எல்லா ஃபைல்லயும் அவரு பேரு. அதுவும் என் வாயாலயே சொன்ன பேரு.

சுரங்க ரயில்ல நின்னுக்கிட்டு வந்தப்போ அறிவிப்பு வந்துச்சு. 'மா தால்லே பங்கேற்ற எந்த அசைவும் இனி ஆறாவது கோட்டையில் இருக்காது. ஒன்றே ஒன்று மிஞ்சியிருப்பதாகத் தெரியவந்தாலும் உடனே நீக்குவோம். இது ஆட்டக்காரர்களுக்கு நாங்கள் தரும் வாக்குறுதி.' ரெண்டாவது தடவை படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க முடியல. பக்கத்துல நின்ன அம்மா நகர்ந்து போய் நின்னுக்கிட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம், நாரே என்னைப் பன்றிக்கறி சூப்புச் சோத்துக் கடைக்குக் கூப்பிட்டா. அவ இப்போ அண்ணனோட ஸ்டுடியோவுல இல்ல, அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தா.

"அக்கா, இளைச்சுட்டீங்க. அழுதீங்களா?"

"அழுறதுக்கு எங்க நேரம்? வேன் ஓட்டணும்."

"அந்த ஆளு ஆபீஸ்ல வந்து எப்படி நடக்கிறார்னு பார்க்கணுமே. தானே காங்சான்னு நம்பிட்டாருக்கா. எனக்குக் குமட்டிக்கிட்டு வருது." சூப்புல வெங்காயத்தாளை அள்ளிப் போட்டுக்கிட்டே குரலைத் தாழ்த்தினா. "மாசக் கடைசில இல்சான் அரங்கத்துல ஆட்டக்காரங்க கூட்டம் இருக்கு. காங்சான் போட்டி வைக்கிறாங்க. யாரு அப்படியே காங்சானை மாதிரி நடந்து கத்தி உருவுறாங்களோ அவங்களுக்குப் பரிசு. தொப்பி, முகமூடி, அங்கி எல்லாம் போட்டுக்கணும். சொந்தப் பேரு வேணாம், கேம்ல வச்சிருக்கிற புனைபேரு போதும்."

"நடுவர் யாரு?"

நாரே கரண்டியைக் கீழ வச்சா. "வேற யாரு? உங்க அண்ணன்தான்."

கிம்ச்சித் துண்டு ஒண்ணை எடுத்து மெதுவா மென்னேன். ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான் சோறு ருசிச்சுது.

போட்டிக்கு முன்னாடி நானும் நாரேயும் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தோம். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "காங்சானுக்காக நீங்க எங்கயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லைங்க. என் பேரே எங்கயும் இல்ல. போடவே விடல."

வக்கீலம்மா நாற்காலில சாஞ்சு உக்காந்தாங்க. "அது நல்லதாப் போச்சு. கம்பெனிக்குப் பொம்சோக் எழுதிக்குடுத்தது அவரோட உடம்பை. அது அந்தக் கேம்ல இல்லவே இல்ல. உங்க உடம்பை அவங்களுக்கு யாரும் எழுதிக்குடுக்கல. நிரூபிக்க முடியுமா?"

"டேக் ஆரம்பத்துல பேரு சொல்ற குரல் எல்லாம் கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கு"ன்னா நாரே. "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு தடவை ஒரு பொம்பளைக் குரல் 'கூ பொம்சோக்'னு சொல்லும். கோர்ட்டு கேட்டா நான் வந்து சொல்றேன்."

"உன் வேலை போயிரும்டி"ன்னேன்.

"போகட்டும்க்கா. அங்க காபி நல்லாவே இல்ல."

போட்டி வச்ச சனிக்கிழமை மத்தியானம் அரங்கத்துல எள் போட இடமில்ல. மேடைக்குப் பின்னாடி மொத்தம் இருபத்திரண்டு காங்சானுங்க. எல்லாருக்கும் அகலத் தொப்பி, கண்ணு மட்டும் தெரியிற கறுப்பு முகமூடி, நீள அங்கி. நான் நல்ல உயரம், தோளும் அகலம், யாருக்கும் சந்தேகம் வரல. என் முதுகுல பதினேழாம் நம்பர். பக்கத்துல நின்ன பதினாறாம் நம்பர் சுண்டுவிரலை நீட்டி நீட்டிப் பழகிக்கிட்டிருந்தான். "ரொம்ப நேரம் நீட்டினா வலிக்குதுல்ல?"ன்னு என்கிட்ட கேட்டான். தலையாட்டினேன். எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

என் முறை வந்துச்சு. மேடையில சித்தியோட நடையை நடந்தேன். தோளைத் தாழ்த்தி ஏழே அடி. மூணாவது அடியிலேயே கூட்டம் கத்த ஆரம்பிச்சுருச்சு. திரும்பிப் பார்க்காம கத்தியை உருவி, ஒரு வீச்சு, குனியாமலே உறையில போட்டேன். உறையைப் பிடிச்ச இடது கையைப் பெரிய திரையில காட்டினாங்க. சுண்டுவிரல் அது பாட்டுக்கு நீட்டிக்கிட்டு நின்னுச்சு. நாலாயிரம் பேரு எந்திரிச்சு அதே விரலைத் தூக்கிக் காட்டினானுங்க.

அண்ணன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடிவந்தாரு. ஓடிவந்தாருன்னா, ஒரு காலை இழுத்துக்கிட்டு வந்தாரு. "பதினேழாம் நம்பர்! ஐயோ, என்னையே கண்ணாடில பார்த்த மாதிரி இருக்கே! இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்ல. நான் பண்ண ஒவ்வொண்ணும் அப்படியே அச்சு அசல்! தம்பி, யாருகிட்டப்பா கத்துக்கிட்ட?"

மைக்கை என் முகமூடிக்குக் கீழ நீட்டினாரு.

"யாருகிட்டயும் கத்துக்கலண்ணே"ன்னேன்.

என் குரல் அரங்கம் பூரா கேட்டுச்சு. அண்ணன் முகத்துல ஈயாடல. நான் தொப்பியை எடுத்தேன், முகமூடியைக் கழட்டினேன். முன்வரிசையில எவனோ "மா தால்லேடா!"ன்னு அலறினான். ரெண்டு மாசமா என் முகத்தை அச்சடிச்சு ஒட்டினவங்களுக்கு அடையாளம் தெரியாதா? ஊளையும் சீட்டியுமா கிளம்புச்சு. பாதுகாப்புக்காரங்க ரெண்டு பேரு படியேறி வந்தாங்க.

நான் அண்ணன் கையிலேர்ந்து மைக்கைப் பிடுங்கிக்கிட்டேன். "ஒரே நிமிஷம். நீங்க எல்லாத்தையும் சரிபார்க்கிறவங்கதானே? ஒரு படத்துல விரல் எப்படி மடங்கியிருக்கு, ஆம்பளைங்களைக் கேலி பண்ணுதான்னு ஒவ்வொரு பிரேமா நிறுத்திப் பார்க்கிறவங்கதானே? இதையும் பாருங்க." என் கையில இருந்த உறையை அண்ணன்கிட்ட நீட்டினேன். "பிடிங்கண்ணே. நீங்கதானே காங்சான்."

வாங்கக்கூடாதுன்னு அந்த மனுஷனுக்குத் தோணியிருக்கணும். ஆனா நீட்டினதைக் கை வாங்கிருச்சு. பெரிய திரையில அவரோட இடது கை. அஞ்சு விரலும் உறையைச் சுத்தி அழகா மடங்கியிருந்துச்சு. ஒரு செகண்டு கழிச்சுத்தான் பதறிப்போய்ச் சுண்டுவிரலை நீட்டினாரு. ஊர்வலப் படத்துல என் மூக்கு மேல இருந்த மச்சத்தைக் கண்டுபிடிச்சவனுங்க, இதையா விடுவானுங்க?

"நடந்து காட்டுங்க சார்!" பின்னாடி வரிசையிலேர்ந்து ஒரு குரல். "ஏழு அடி நடங்க!" அப்புறம் பத்துக் குரல், நூறு குரல். என்னை எப்படிச் சுத்தி நின்னு கத்தினானுங்களோ அப்படியே கத்தினானுங்க. அண்ணன் ரெண்டு அடி வச்சாரு. மூணாவது அடியில முழங்கால் மடங்கி, நடுவர் மேஜையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"நடை எங்க சித்தியோடது"ன்னேன். "போஹாங்ல மீன் விக்கிறாங்க. வேணும்னா போய்ப் பார்த்துக்குங்க, அதே நடைதான். விரல் என்னோடது. எந்த எதிரியும் உடைக்கல, அப்பாவைக் காட்டிக்குடுன்னு யாரும் கேக்கல. பசங்களால உடைக்க முடியாத கல்லை நான் உடைச்சேன். வெட்டு, குதி, மண்டி போடு, ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு அசைவும் நான்."

முன்வரிசையில ஒருத்தன் இன்னும் விரலைத் தூக்கிப் பிடிச்சபடியே நின்னான். அதை ஒரு தடவை பார்த்துட்டு மெதுவா மடக்கிப் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டான்.

"நான் மன்னிப்புக் கேக்க வரல. பரிசும் வேணாம்." அந்த மேஜைக்குப் பின்னாடி இருந்த மேக்ஸ் பக்கம் திரும்பினேன். அவரு பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாரு. "நீங்க ஒரு அறிவிப்பு போட்டீங்க. என்னோட ஒரு அசைவு மிஞ்சியிருந்தாலும் உடனே எடுப்போம்னு. வாக்குறுதின்னீங்க. எடுங்க."

அதுக்கப்புறம் எனக்கு வேலையே இல்ல. அவனுங்களே பார்த்துக்கிட்டானுங்க. பாதிப் பேரு 'எடு'ன்னான், பாதிப் பேரு 'காங்சானைத் தொடாதே'ன்னான், ஒருத்தனை ஒருத்தன் 'நீ அவளுக்கு வால்பிடிக்கிறியா'ன்னு கிழிச்சுக்கிட்டானுங்க. அதே கம்பெனி வாசல்ல அதே மாதிரி லாரி. இந்தத் தடவை 'வாக்கைக் காப்பாத்து மேக்ஸ்'னு எழுத்து ஓடுச்சு. இந்தப் பக்கம் வக்கீலம்மாவோட கடிதம் போய்ச் சேர்ந்துச்சு. அண்ணன் போன் பண்ணாரு. "உன்னை வளர்த்துவிட்ட அண்ணனை இப்படி நடுத்தெருவுல நிறுத்திட்டியே"ன்னு அழுதாரு. "நீங்க நிக்க வேண்டிய இடத்துல ரெண்டு வருஷம் நான் நின்னேன். இப்ப நான் நின்ன இடத்துல நீங்க நில்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். அன்னிக்குத் தூக்கம் நல்லா வந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

மூணாவது வாரம் டெக்வாண்டோ பள்ளி வாசல்ல, மஞ்சள் வேன்ல நான் பிள்ளைங்களுக்காகக் காத்திருந்தப்போ மேக்ஸ் வந்து கண்ணாடியைத் தட்டினாரு. பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்தாரு. கையில வெள்ளைத் தாளும் கறுப்புப் பேனாவும்.

"தால்லே அவர்களே"ன்னாரு. அடேயப்பா, அவர்களே! "உங்க பேரைப் போடுறோம். காங்சான்: மா தால்லே. முதல் வரியில, பெரிய எழுத்துல. ரெண்டாம் பாகமும் உங்களுக்குத்தான். அந்த அசைவையெல்லாம் கம்பெனி பயன்படுத்திக்கலாம்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். உங்க கையெழுத்து எங்ககிட்ட இல்லைன்னு வக்கீல் சொல்லிட்டாரு."

உண்மையைச் சொல்றேன், ரெண்டு வருஷமா நான் கேட்டது அந்த ஒரு வரியைத்தான். அதைத் தவிர வேற எதுவும் கேக்கல. பேனாவைக்கூட வாங்கிட்டேன்.

"யோன்ஹ்வாவைத் திரும்ப வைப்பீங்களா?"

"அது... வேற ஒருத்தங்களை வச்சு எடுத்துட்டோமே. இப்ப மாத்தினா ஆட்டக்காரங்க மறுபடியும்..."

"பேன்ட் போட்டீங்களா?"

மேக்ஸ் கண்ணாடிக்கு வெளிய பார்த்துக்கிட்டிருந்தாரு.

"என்னைத் துரத்தினப்போ தப்புன்னு நினைச்சீங்களா?"

"அன்னிக்கு வேற வழி இல்லைங்க. இன்னிக்கும் அதான். எழுதிக் குடுங்க, எல்லாருக்கும் நல்லது."

நான் இல்லாம கேம் ஓடாதுன்னு ஆனதும்தான் இந்த ஆளுக்கு என் பேரு தெரியுது. அந்த வில்லாளிப் பொண்ணு மாதிரி எடுத்துப்போட முடிஞ்சிருந்தா என்னையும் எடுத்துப்போட்டிருப்பான். பேனாவை மூடி அவரு டீ-ஷர்ட் பாக்கெட்டுல சொருகினேன்.

"மேக்ஸ், நான் உங்களுக்கு எதுவும் எழுதித் தர மாட்டேன். அன்னிக்கும் தரல, இன்னிக்கும் தரல. எறங்குங்க, பிள்ளைங்க வருது."

ஒரு வியாழக்கிழமை என் அசைவையெல்லாம் எடுத்தாங்க. காலையில பத்து மணி வரைக்கும் பராமரிப்புன்னு அறிவிப்பு. ஹீரோவையே தூக்கிட்டா கேமே கிடையாது. அதனால ஆளை வச்சுட்டு அசைவை மட்டும் எடுத்தாங்க. புதுசா ஒருத்தனை வச்சுப் பதிவு பண்ணிச் சேர்க்க நாலு மாசம் ஆகும்னு நாரே சொல்லியிருந்தா. அவ அதுக்குள்ள வேலையை விட்டுட்டா.

பத்து மணிக்கு எங்க தெருமுனைக் கேம் கடைக்குப் போய் உக்காந்தேன். கப் நூடுல்ஸ் ஒண்ணு வாங்கிக்கிட்டேன். முப்பது திரையில ஒரே நேரத்துல கேம் திறந்துச்சு. கோட்டை வாசல், பனி கொட்டுது, நடுவுல காங்சான். ரெண்டு கையையும் பக்கவாட்டுல நேரா விரிச்சுக்கிட்டு நிக்கிறான். அசைவை எடுத்துட்டா பொம்மை அப்படித்தான் நிக்கும், டேக்குக்கு முன்னாடி நான் நின்ன மாதிரியே. எதிரிங்க ஓடிவந்து வெட்டுறாங்க. அவன் கையை இறக்கல. எல்லாத் திரையிலயும் விழாமலே செத்துக்கிட்டிருந்தான்.

நல்லா வேணும்னு நினைச்சேன். ஆனா ரெண்டு வருஷம் எந்திரிச்சு, விழுந்து, தோல் உரிஞ்சு குடுத்த உடம்பு அது. எங்க சித்தி நடை அதுல இருந்துச்சு. அதை நானேதான் எடுத்தேன். எடுத்ததுக்கு இன்னிக்கும் வருத்தம் இல்ல, ஆனா வலி இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

பக்கத்து சீட்டுல கழுத்துல ஆபீஸ் அட்டை தொங்கவிட்ட ஒரு ஆளு, விசைப்பலகையைப் போட்டுக் குத்திக்கிட்டிருந்தாரு. "நகருடா... நகரு, ச்சே!"

நான் கப்பைக் கையில பிடிச்சபடியே, திரையில கையை விரிச்சு நின்ன அவனைப் பார்த்து, ஸ்டுடியோவுல சொல்ற மாதிரியே சத்தமா சொன்னேன்: "டேக் ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தேழு. மா தால்லே."

பக்கத்து ஆளு ஹெட்போனை இறக்கினாரு. "என்னங்க? என்னையா கூப்பிட்டீங்க?"

"இல்லைங்க"ன்னேன். "அவன் பேரைச் சொன்னேன்."

அவரு என்னைப் பார்த்தாரு, கப்பைப் பிடிச்சிருந்த என் கையில நீட்டிக்கிட்டு நின்ன சுண்டுவிரலைப் பார்த்தாரு. அப்புறம் கம்ப்யூட்டரை அணைச்சுட்டு எந்திரிச்சுப் போனாரு. நான் மிச்ச நூடுல்ஸைச் சாப்பிட்டு முடிச்சேன்.